டிரைவர்களுக்குக் கிடையாது

அந்த நோட்டீஸையா பாக்கீங்க தம்பி? பாருங்க, பாருங்க. பாக்கணும்னுதான் அங்கன ஒட்டியிருக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால, சரியா அவன் மண்டைக்கு நேரா. நான்தான் ஒட்டினேன். ஒரு பசை பாட்டில் முழுசா காலி.

வாசிச்சிட்டீங்களா? ‘மாடி வீடு வாடகைக்கு. கிழக்கு பார்த்தது. தண்ணீர் வசதி உண்டு. டிரைவர்களுக்குக் கிடையாது.’ அவ்வளவுதான் நான் எழுதினது. தண்ணீர் வசதி உண்டுங்கிறதுக்குப் பக்கத்துல நீலப் பேனாவுல ‘பொய்’னு இருக்குல்லா, அது என் எழுத்து இல்ல. யாரு எழுத்துன்னு தெரியணும்னா டிரிப் ஷீட்ல டிரைவர் கையெழுத்தப் பாருங்க. அதே கோணல்.

எங்க போறீங்க, கடைசி ஸ்டாப்பா? சில்லறையா குடுங்க. என்னது, வீடுதான் தேடிட்டு வாறீங்களா? அடேயப்பா! நல்ல வண்டியாப் பாத்து ஏறியிருக்கீங்க. இங்கன உக்காருங்க. மத்தியான டிரிப்பு, கூட்டம் இருக்காது. முக்கால் மணி நேரம் ஆகும், விவரமாச் சொல்லுதேன். அவனுக்குக் கேக்குமேன்னு பாக்காதீங்க. கேக்கட்டும். கேக்கணும்னுதான் சத்தமாப் பேசுதேன்.

மொதல்ல ஒண்ணு. நீங்க டிரைவர் இல்லையே? மண்ணு டெஸ்ட் பண்ற ஆபீஸா? நல்ல உத்தியோகம் தம்பி. மண்ணு பாட்டுக்குக் கெடக்கும், நீங்க பாட்டுக்கு டெஸ்ட் பண்ணலாம். என் கூட சேந்து வேலை பாக்க வாய்ப்பே இல்ல. அதான் எனக்கு வேண்டியது. கூட வேலை பாக்கிற ஆளுக்கு மட்டும் வீட்டை வாடகைக்கு விட்டுராதீங்க தம்பி. நீங்க நாளைக்கு வீடு கட்டினாலும் சரி, இந்தக் கோமதிநாயகம் சொன்னத ஞாபகம் வச்சிக்கிடுங்க.

ஏ, ரைஸ்மில்லு! ரைஸ்மில்லு எறங்குறவங்க முன்னால வாங்க!

பாத்தீங்களா? இப்ப நான் ஒத்த விசில் அடிச்சேன், நின்னுட்டு. ரெண்டு விசில் அடிச்சேன், கெளம்பிட்டு. பதினோரு வருஷமா இதான். மாசிலாமணியும் நானும் பதினோரு வருஷமா ஒரே வண்டி, ஒரே ரூட்டு. நாங்க வாயால பேசினத விட விசில்ல பேசினதுதான் ஜாஸ்தி. நான் விசிலை வாய்கிட்ட கொண்டு போறதுக்குள்ள அவன் கால் பிரேக்குக்குப் போயிரும். கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தே, ‘இன்னைக்கு இவன் காலையில சாப்பிடல’ன்னு டீக்கடை ஓரமா நிறுத்துவான். அப்படி இருந்தோம். இப்ப பாருங்க, அந்தக் கண்ணாடியையே வேற பக்கம் திருப்பி வச்சிருக்கான்.

போன வருஷம் நான் மாடி கட்டினேன். அந்த நேரம் பாத்து இவன் வாடகை வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. நான்தான் கூப்பிட்டேன். ‘என்னவே மாசிலாமணி, நம்ம மாடி இருக்கும்போது நீரு ஏன்வே அலையணும்’னு. எங்க வீட்டுல சண்முகவடிவு சொன்னா, ‘பகல் பூரா பஸ்ஸுல பாக்கிற மூஞ்சிய ராத்திரியும் பாக்கணுமா, யோசிச்சிக்கிடுங்க’ன்னா. நான் கேக்கல. பொம்பளைங்க சொன்னா எப்ப கேட்டிருக்கேன்?

ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாதுல்லா. டிப்போவுக்கு ரெண்டு பேரும் அவன் பைக்ல ஒண்ணாப் போவோம். கீழ மீன் கொழம்பு வச்சா மேல போகும், மேல பணியாரம் சுட்டா கீழ வரும். அவன் பொண்டாட்டி பூரணம் எங்க வீட்டுல அக்கா அக்கான்னு ஒட்டிக்கிட்டா. எல்லாத்தையும் கெடுத்தது தண்ணி.

மோட்டார் சுவிச்சு கீழ எங்க வீட்டுக்குள்ள. தண்ணித் தொட்டி மேல அவங்க தலைக்கு மேல. தொட்டி காலியானா எங்களுக்குத் தெரியாது, நெறஞ்சு வழிஞ்சாலும் தெரியாது. போன்ல சொல்லலாமேங்கீங்களா? எல்லாரும் அதான் கேக்காங்க. போனைச் சார்ஜ்ல போட்டிருப்போம், எங்கயாவது வச்சிட்டுத் தேடுவோம். அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் மூளை அப்படி. என்கிட்ட இருந்த இன்னொரு விசிலை எடுத்து மாசிலாமணி கையில குடுத்தேன். ‘தண்ணி வேணும்னா ரெண்டு விசில், மோட்டாரைப் போடுதேன். தொட்டி நெறஞ்சா ஒத்த விசில், நிறுத்துதேன். முடிஞ்சு போச்சு’ன்னேன். அவனும் ‘ஆகா, பிரமாதம்வே’ன்னான். டிப்போ பூரா இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன் தம்பி. ஒருத்தன்கூட, ‘ஏ கோட்டிக்காரா, விசிலை டிரைவர் கையில குடுக்கலாமா’ன்னு கேக்கலயே!

ஏன் குடுக்கக்கூடாதா? நல்லாக் கேட்டீங்க. பஸ்ஸுல விசில் அடிக்கிறது நான், கேக்கிறது அவன். அதான முறை? வீட்டுல என்ன ஆச்சு? அடிக்கிறது அவன், ஓடுறது நான்! நான் ஹவுஸ் ஓனர் தம்பி! சோத்தைப் பெசஞ்சு வாயில வைக்கப் போவேன், மேல இருந்து ரெண்டு விசில். எந்திரிச்சு ஓடுவேன். செத்த கண்ண மூடுவேன், ஒத்த விசில். ஓடுவேன். மொதல்ல அவன் அடிச்சான். அப்புறம் பூரணம் அடிக்க ஆரம்பிச்சா. ஒருநாள் பூரணத்தோட தங்கச்சி ஊர்ல இருந்து விருந்துக்கு வந்தது, அதுவும் அடிக்கு! மூணாம் மனுஷி! எங்க வீட்டுல விழுந்து விழுந்து சிரிக்கா, ‘ரைட் சொல்லியாச்சு, போங்க’ங்கா. அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனிமே விசிலுக்கு நான் எந்திரிக்க மாட்டேன். எனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போடுவேன்.

மறுநா ரெண்டு விசில் வந்துச்சு. நான் பேப்பர் வாசிச்சேன். திரும்ப ரெண்டு விசில். நான் விளம்பரத்தைக்கூட விடாம வாசிச்சேன். பூரணம் தலைக்குச் சீயக்காய் தேச்சிட்டு நின்னிருக்கு. எனக்கென்ன தெரியும்? தெரியும்தான். விசில் அடிக்கிற வேகத்துலயே தெரிஞ்சுச்சு. இருந்தாலும் எந்திரிக்கல.

அடுத்த நாள் காலையில டூட்டி. இப்ப தாண்டினோம்லா ரைஸ்மில்லு, அங்க ஒரு வேகத்தடை. பதினோரு வருஷமா அதுல பூனை மாதிரி ஏறி எறங்குவான். அன்னைக்கு ஏத்தினான் பாருங்க! நான் டிக்கெட் குடுத்துக்கிட்டு நின்னவன், நேராப் போயி ஹெலன் டீச்சர் மடியில உக்காந்துட்டேன். டீச்சர் அம்பது வயசுப் பொம்பள, கான்வென்ட்ல கணக்கு எடுக்கிறவங்க. ‘எந்திரிங்க கோமதிநாயகம்’னு மட்டும் சொன்னாங்க. அவங்க டிபன் பாக்ஸ் சாம்பார் பூரா என் சட்டையில.

நான் சும்மா இருப்பனா? அடுத்த ஸ்டாப்புல ஆளு ஏறியாச்சு. நான் ரெண்டு விசில் அடிக்கல. வேற ஒண்ணும் பண்ணல, அடிக்கல, அவ்வளவுதான். அடிக்காம அவன் எடுக்க மாட்டான், அது அவன் பழக்கம். சுள்ளுன்னு காலை வெயிலு, எஞ்சின் சூடு, உக்காந்து வெந்தான். ஜனங்க ‘என்னய்யா, என்னய்யா’ங்காங்க. நான் சில்லறை எண்ணிட்டிருக்கேன்.

அப்புறம் தெனமும் இதான். மேல தண்ணி வந்தா வண்டி தொட்டில் மாதிரி போகும். வரலன்னா எலும்பு எண்ணிக்கையில ஒண்ணு கூடிரும். இந்த ரூட்டு ஜனங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு தம்பி. ஏறும்போதே படியில நின்னு, ‘கண்டக்டர், இன்னைக்கு மோட்டார் போட்டாச்சா? போடலன்னா அடுத்த வண்டியில வாறோம்’னாங்க. பால் சொசைட்டி ரத்தினம் காலையிலயே போன் பண்ணுவாரு, ‘முட்டை கொண்டு போறேன் அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் தண்ணி விட்டுருங்க’ன்னு. ஹெலன் டீச்சர் அம்பத்தெட்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி மனுவே குடுத்துட்டாங்க. பொருள்: மாடிக்குத் தண்ணீர் விடக் கோருதல். என் வீட்டு மோட்டாருக்கு ஊரே மனு குடுக்குது! நான் வாங்கி வச்சிக்கிட்டேன். பரிசீலிக்கிறேன்னு சொன்னேன்.

அம்மா! பாத்தீங்களா, பாத்தீங்களா, எப்படிப் பிரேக் போடுதான்? நாயா குறுக்க வந்துச்சு? ஆடா வந்துச்சு? ஒண்ணும் வரல. நான் மனுவைப் பத்திச் சொன்னது துரைக்குப் பிடிக்கல. கம்பியப் பிடிச்சிக்கிடுங்க.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன் தம்பி. ஆவணி மாசம் என் மகளைப் பொண்ணு பாக்க வந்தாங்க. அதைத்தான் என்னால பொறுக்க முடியல. பெரிய குடும்பம். ஒரு வேன் நெறைய வந்தாங்க. பழத்தட்டு, பூத்தட்டு எல்லாம் வேனுக்குள்ள இருக்கு. பெரியவங்க எறங்கி உள்ள வந்துட்டாங்க. மாப்பிள்ளை மட்டும் வேனுக்குள்ள குனிஞ்சு ஷூவைக் கழட்டிக்கிட்டு இருக்கான். புது ஷூ, நாடா முடிச்சு விழுந்துட்டு. வேன்காரன் எஞ்சினை ஆஃப் பண்ணல, ஆஃப் பண்ணினா தள்ளி விடணுமாம்.

அன்னைக்குப் பாத்து மேல தண்ணி இல்ல. ஏன் இல்லன்னு கேக்காதீங்க. இல்ல, அவ்வளவுதான்.

மேல இருந்து விசில் வருது. ரெண்டு. நல்லா அழுத்தமா, ரெண்டு.

நான் எந்திரிக்கல. சம்பந்தி ஆகப் போறவங்க முன்னால நான் விசிலுக்கு ஓடுவனா? ஆனா வெளிய நின்ன வேன்காரன் இருக்கான் பாருங்க, அவன் இருவது வருஷம் மினி பஸ் ஓட்டினவனாம். ரெண்டு விசில் காதுல விழுந்ததும் கியரைப் போட்டான், எடுத்தான், போயிட்டான். பழத்தட்டு போச்சு. பூத்தட்டு போச்சு. மாப்பிள்ளையும் போயிட்டான்!

அந்தப் பையனாவது ‘நிறுத்துங்க’ன்னு சொல்லலாம்லா? கூச்ச சுபாவம். எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரியாம, கேக்கவும் கூச்சப்பட்டுக்கிட்டு, ஒத்தக் கால்ல ஷூவோட உக்காந்திருக்கான். உள்ள இருந்தவங்க எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தா, வேன் தெருமுனையில திரும்புது. மாப்பிள்ளையோட அத்தை, ‘அபசகுனம்’னு ஆரம்பிச்சிட்டாங்க.

அதுக்குள்ள மாசிலாமணி மாடியில இருந்து நாலு நாலு படியாத் தாவி எறங்கி, கைலியோட பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். வேன் பின்னாலேயே ஒத்த விசில் அடிச்சிக்கிட்டே வெரட்டியிருக்கான். அவன் அடிக்க அடிக்க, ஊர்ல ஓடுற மத்த வண்டி எல்லாம் நிக்குதாம், இந்த வேன் மட்டும் எஞ்சின் இரைச்சல்ல கேக்காம நிக்கலயாம். கடைசியில பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயி நின்னு, வேன்காரன் கதவைத் தொறந்து விட்டானாம், எறங்குங்கன்னு. உள்ள மாப்பிள்ளைய விட்டா யாரு இருந்தா எறங்க? அங்க இருந்து மாப்பிள்ளையப் பைக்ல உக்கார வச்சிக் கொண்டாந்து எறக்கினான். ஒத்த ஷூ. மடியில பழத்தட்டு. என் மக ஜன்னல் வழியாப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க, அடக்க முடியாத சிரிப்பு. அந்தப் பையனும் சிரிச்சிட்டான். கூச்சமெல்லாம் எங்க போச்சோ.

கல்யாணமா? நிச்சயமாயிட்டு. தை மாசம். அது வேற விஷயம் தம்பி. மானம் போச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.

அத்தனை பேரு முன்னாலயும் நான் சொன்னேன், ‘மாசிலாமணி, நீரு வீட்டக் காலி பண்ணும்’னு. அவன் மாப்பிள்ளையோட இன்னொரு ஷூவைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னான். மேல போகும்போது அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, படியில வச்சிட்டுப் போனான்.

அன்னைக்கு நின்ன பேச்சு. இப்ப ஐப்பசி, ரெண்டு மாசம் முழுசா ஆச்சு. வீட்டுல பேச்சில்ல, பஸ்ஸுல பேச்சில்ல. டிப்போவுக்கு இப்பவும் அவன் பைக்லதான் போறேன், டூட்டிக்கு நேரத்துக்குப் போகணும்லா. பின்னால உக்காந்ததும் ரெண்டு விசில் அடிப்பேன், எடுப்பான். தெருவுல எல்லா வீட்டுலயும் தெனம் அந்த நேரத்துக்கு முழிச்சிருதாங்க.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. ரூட்டை மாத்திக் குடுங்கன்னு மாசிலாமணி எழுதிக் குடுத்திருக்கானாம். நாளையில இருந்து அவன் மலை ரூட்டு. இதான் எங்க ரெண்டு பேருக்கும் கடைசி நாளு, பாத்துக்கிடுங்க. ஒண்ணாம் தேதி வீட்டையும் காலி பண்ணுதான். பொட்டி எல்லாம் கட்டியாச்சு. பூரணமும் எங்க வீட்டுலயும் படிக்கட்டுல உக்காந்து அழுதாச்சு. எனக்குச் சந்தோஷம்தான். நிம்மதி. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, அது வயசாயிட்டுல்லா, அதனால.

புது டிரைவர் யாரோ வாறாராம். விசிலை மூணு தடவை அடிச்சாத்தான் கேக்குமாம் அவருக்கு. சரி, அதெல்லாம் போகட்டும். உங்க கதைக்கு வருவோம்.

என்னது? இன்னைக்கேவா? இன்னைக்கே பாத்து அட்வான்ஸ் குடுத்துருதீங்களா?

அவசரம் என்ன தம்பி? ஒரு வீடுன்னா நாலு பேர்கிட்ட விசாரிச்சில்லா முடிவு பண்ணணும். கல்யாணம் ஆகலயா? அதான பாத்தேன். இல்ல, அதுல ஒண்ணும் இல்ல, அடுத்த வருஷம் ஆயிரும்ங்கீங்க. அசைவம் சாப்பிடுவீங்களா? நாங்களும் சாப்பிடுவோம், அதுவும் சரியாப் போச்சு. கிழக்கு பாத்த வீடு தம்பி, காலையில வெயில் கண்ணுல குத்தும். பரவாயில்லையா? கொசு. பரவாயில்லையா? அடுக்களை ஜன்னல் ஒண்ணு மூடவே மூடாது. மழை பெஞ்சா மூலையில ஒழுகும். என்ன தம்பி நீங்க, எதைச் சொன்னாலும் பரவாயில்லங்கீங்க! மண்ணோடயே பழகிப் பழகி இப்படி ஆயிட்டீங்களா? ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது கோவம் வர வேண்டாமா? மாசிலாமணி மொத நாளே ஜன்னலுக்குச் சண்டை போட்டான். அவனே சரியும் பண்ணினான். நான்தான் திரும்ப ஒடச்சேன்.

தண்ணி வராது தம்பி. சொன்னாக் கேளுங்க. அந்த நோட்டீஸ்ல நீலப் பேனாவுல எழுதியிருக்குல்லா, அவன் எழுதினது சத்தியம். வராது. ஏன்னா நான் விட மாட்டேன். எனக்கு அப்படி ஒரு சவத்துப் புத்தி.

அன்னைக்குக்கூட, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, மேல ஏன் தண்ணி இல்லன்னு கேக்காதீங்கன்னேன்லா? நான்தான் சுவிச்சு வயரையே பிடுங்கி வச்சிருந்தேன். வந்தவங்க முன்னால விசில் சத்தம் கேக்கக்கூடாது, அதனால மோட்டாரே ஓட வேண்டாம்னு நெனச்சேன். தண்ணி இல்லன்னாத்தான விசில் வரும்னு இந்த மரமண்டைக்குத் தோணல. பூரணத்துக்கு அன்னைக்குக் காய்ச்சலாம். கஞ்சி வைக்கத் தண்ணி இல்லாமத்தான் அவன் அடிச்சிருக்கான். அவன் போகலன்னா என் மக கல்யாணப் பேச்சு அன்னைக்கே நின்னு போயிருக்கும். அவனைப் போயி அத்தனை பேரு முன்னால காலி பண்ணச் சொல்லிட்டேன் தம்பி. தப்பு பூரா என்னுது. எவன்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்லுதேன்.

ஏன் வண்டி நிக்கி? நான் விசில் அடிக்கலயே. ஸ்டாப்பு எதுவும் இல்லையே இங்க. பேச்சு நின்ன இந்த ரெண்டு மாசத்துல விசில் இல்லாம இவன் நிறுத்தினதே கெடையாது.

என்ன சொன்னான்? உங்களப் பாத்துத்தான திரும்பிச் சொன்னான், உங்களுக்குக் கேட்டுச்சா? ‘வீடு காலி இல்ல தம்பி, ஆளு இருக்கு’ன்னா சொன்னான்? அப்படியேவா சொன்னான்?

என்னவே மாசிலாமணி! வீடு காலி இல்லன்னா, நாளைக்கு நீரு மலை ரூட்டுக்குப் போறதா எழுதிக் குடுத்தீரே, அது என்னவே?

கேட்டீங்களா தம்பி? அந்தக் கடுதாசிய முந்தாநாளே திருப்பி வாங்கிட்டானாம்! முந்தாநாளே! வாங்கிட்டு, ரெண்டு நாளா ஒரு வார்த்தை சொல்லாம, என்னை ராத்திரி பூரா மோட்டுவளையப் பாக்க வச்சிருக்கான் இந்தப் பாவி! நான் இங்க உங்ககிட்ட மானத்தை விட்டு எல்லாத்தையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே ஓட்டியிருக்கான் பாருங்க! சிரிக்க வேற செய்யுதான்!

மன்னிச்சிக்கிடுங்க தம்பி. என்னைக் கேக்காம இவன் எப்படிச் சொல்லலாம்? ஹவுஸ் ஓனர் நானா, அவனா? நீங்களே சொல்லுங்க. இதுக்குத்தான் கூட வேலை பாக்கிறவனுக்கு வீடு குடுக்கக்கூடாதுங்கிறது. ஆனா வண்டியில இருக்கிற ஜனத்துக்கு முன்னால சொல்லிட்டான்லா. இனிமே நான் மாத்திப் பேசினா அவனுக்கு மரியாதையா இருக்குமா?

நீங்க வேற எங்கயாவது பாருங்க தம்பி.